ஆட்டத்தை மாற்றியவர்: ஆண்டி ஃபாரல், விகனிலிருந்து டப்ளின் வரை

இந்த எபிசோடுல வழக்கமான டெக் விஷயம் எதுவும் கிடையாது. முழுக்க முழுக்க ரக்பி. உடனே மூடிட்டுப் போயிடாதீங்க, ஒரு காரணம் இருக்கு.

போன வருஷம் எங்க டீமை மொத்தமா கலைச்சுட்டாங்க. ஆறு வருஷம் ஒரே மொழியில, ஒரே சிஸ்டத்துல வேலை பார்த்தவன் நான். கண்ணை மூடிக்கிட்டு எந்த ஃபைல்ல எந்த லைன்னு சொல்ற அளவுக்குத் தெரியும். புது வேலை கிடைச்சது, ஆனா அங்கே எல்லாமே வேற. காலேஜ் முடிச்சு ஒரு வருஷம் ஆன பையன் எனக்கு உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தான். பொறுமையாத்தான் சொன்னான். ஆனா ராத்திரி வீட்டுக்கு வந்து படுத்தா, 'இந்த ஆறு வருஷம் என்ன ஆச்சு? எல்லாம் வேஸ்டா?'ன்னு ஒரு கேள்வி மண்டைக்குள்ள ஓடும்.

அந்த நேரத்துலதான் ஒருத்தரோட கதை கண்ணுல பட்டது. 29 வயசுல, தன் விளையாட்டோட உச்சத்துல இருந்துட்டு, வேற விளையாட்டுக்கு மாறினவர். மாறினதும் பெரிசா ஜெயிக்கல. அடி மேல அடி. நாற்பது வயசுல வேலையும் போச்சு. அதுக்கப்புறம் உலகத்தோட சிறந்த கோச்சுகள்ல ஒருத்தரா நின்னார்.

பேர் ஆண்டி ஃபாரல். 'ஆண்டி'ன்னு எழுதினா பழனி ஞாபகம் வருது, 'ஆன்டி'ன்னு எழுதினா பக்கத்து வீடு ஞாபகம் வருது. அதனால எபிசோட் முழுக்க ஃபாரல்னே கூப்பிடுறேன்.

ஒரு விளையாட்டு எப்படி ரெண்டாச்சு?

முதல்ல ஒரு அடிப்படை விஷயம். நாம பொதுவா 'ரக்பி'ன்னு சொல்றது ஒரு விளையாட்டு இல்ல, ரெண்டு. ரக்பி யூனியன், ரக்பி லீக். முட்டை வடிவப் பந்து ரெண்டுக்கும் பொது. முன்னாடி பாஸ் பண்ணக் கூடாதுங்கிற விதியும் பொது. அதைத் தாண்டினா ஏறக்குறைய எல்லாமே வேற.

பிரிஞ்ச காரணம் சம்பளம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தின் வடக்குப் பகுதியில் ரக்பி ஆடியவர்களில் பலர் சுரங்கத்திலும் மில்லிலும் வேலை பார்த்தவர்கள். சனிக்கிழமை ஆட்டத்துக்குப் போனால் அன்றைய கூலி போச்சு. 'இழந்த கூலியையாவது கொடுங்க' என்று வடக்கத்திய கிளப்புகள் கேட்டன. தெற்கிலிருந்த நிர்வாகம் மறுத்தது. விளையாட்டு என்பது காசுக்காக ஆடுவதல்ல என்பது அவர்கள் வாதம். வீட்டில் காசு இருந்தவர்களுக்கு அப்படிச் சொல்வது சுலபம்தானே.

1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்ட் நகரில் ஜார்ஜ் ஹோட்டலில் கூடிய வடக்கத்திய கிளப்புகள் தனியே பிரிந்தன. நம்ம மொழியில சொன்னா, ரெப்போவை ஃபோர்க் பண்ணிட்டாங்க. ஃபோர்க் பண்ணினவங்க சும்மா இருக்கல, விதிகளையும் மாத்த ஆரம்பிச்சாங்க. 1906இல் ஒரு அணிக்கு 15 பேர் என்பது 13 ஆனது. பந்து வைத்திருப்பவரைப் பிடித்து வீழ்த்தினால், யூனியனில் அந்த இடத்திலேயே ரெண்டு அணியும் பந்துக்காக முட்டி மோதும். லீக்கில் அந்தச் சண்டையே கிடையாது. விழுந்தவர் எழுந்து, பந்தைத் தரையில் வைத்து, காலால் பின்னால் தள்ளி ஆட்டத்தைத் தொடர வேண்டும். பின்னர் அதற்கும் ஒரு வரம்பு வந்தது. 1972 முதல் ஆறு டேக்கிள். ஆறாவது முறை பிடிபட்டால் பந்து எதிரணிக்கு.

யூனியன் பக்கம் இந்தப் பிரிவை மன்னிக்கவே இல்லை. லீக் ஆடியவருக்கு யூனியனில் இடமில்லை என்ற தடை நூறு வருஷம் இருந்தது. 1995 ஆகஸ்டில் யூனியனும் 'சரி, இனி வீரர்களுக்குச் சம்பளம் கொடுக்கலாம்' என்று முடிவெடுத்தது. அதன் பிறகுதான் கதவு திறந்தது.

திறந்த கொஞ்ச நாளிலேயே ஒரு சுவாரசியமான பரிசோதனை நடந்தது. 1996 மே மாதம் லீக்கின் பெரிய அணி விகனும் யூனியனின் பெரிய அணி பாத்தும் ரெண்டு ஆட்டம் ஆடின. ஒன்று லீக் விதியில், மற்றொன்று யூனியன் விதியில். லீக் விதியில் விகன் 82-6 என்று ஜெயித்தது. யூனியன் விதியில் பாத் 44-19 என்று ஜெயித்தது.

அந்த ரெண்டு ஸ்கோரையும் ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க. அதே மாசம், அதே ஆட்கள், அதே உடம்பு. விதி மட்டும்தான் மாறுச்சு. உங்க திறமைன்னு நீங்க நினைக்கிறதுல எவ்வளவு உங்களுடையது, எவ்வளவு அந்த விதிக்குள்ள மட்டும் செல்லுபடியாகிறது? எனக்குத் தூக்கம் வராத ராத்திரிகள்ல ஓடின கேள்வியும் கிட்டத்தட்ட இதேதான்.

விகன் பையன்

அந்த விகன் அணியின் ஆள்தான் ஃபாரல். 1975 மே 30 அன்று அதே ஊரில் பிறந்தவர். மான்செஸ்டருக்குப் பக்கத்தில் இருக்கும் பழைய சுரங்க, மில் ஊர். அங்கே ரக்பி என்றால் லீக்தான். 1988 முதல் 1995 வரை தொடர்ந்து எட்டு முறை சேலஞ்ச் கப் ஜெயித்த அணி விகன்.

அந்த அணிக்கு ஃபாரல் முதன்முதலாக ஆடியது 1991இல், 16 வயதில். அதே வருஷம் செப்டம்பரில் அவருக்கு ஒரு மகனும் பிறந்தான். பேர் ஓவன். நம்ம ஊர்ல பத்தாவது ரிசல்ட்டுக்குக் காத்துக்கிட்டு இருக்கிற வயசுல இவர் அப்பா ஆயிட்டார், முதல் அணியிலயும் ஆடிட்டார். ஓவனை மறந்துடாதீங்க, கதையில திரும்பத் திரும்ப வருவார்.

17 வயதில் சேலஞ்ச் கப் இறுதி ஆட்டத்தில் ஆடி ஜெயித்தார். 18 வயதில் கிரேட் பிரிட்டன் அணி. 21 வயதில் அந்த அணிக்கே கேப்டன். 1996இல் நியூசிலாந்து சுற்றுப்பயணத்துக்கு அவர் கேப்டனாகப் போனபோது கோச்சாக இருந்தவர் ஃபில் லார்டர். இந்தப் பேரையும் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்கோங்க.

ஃபாரல் ஆடிய இடம் லூஸ் ஃபார்வர்டு. முட்டி மோதி டேக்கிள் செய்யவும் வேண்டும், பந்தைக் கையில் வாங்கி ஆட்டத்தை எந்தப் பக்கம் திருப்புவது என்று முடிவெடுக்கவும் வேண்டும். கூடவே கோல் கிக்கரும் அவர்தான். சூப்பர் லீக்கின் முதல் கிராண்ட் ஃபைனல் 1998இல் நடந்தபோது லீட்ஸை 10-4 என்று தோற்கடித்த விகனின் கேப்டன். இங்கிலாந்தில் லீக் வீரருக்குத் தரப்படும் பெரிய விருது 'மேன் ஆஃப் ஸ்டீல்'. அதை 1996லும் 2004லும் வாங்கினார். 2004இல் உலகின் சிறந்த லீக் வீரருக்கான 'கோல்டன் பூட்'டும் அவருக்கே.

சுருக்கமா சொன்னா, அந்த விளையாட்டுல அவர் ஏற வேண்டிய படி எதுவும் பாக்கி இல்ல. அடுத்த வருஷம் கிளம்பிட்டார்.

புது ஆட்டம், பழைய உடம்பு

2005 மார்ச்சில் லண்டன் பக்கத்து யூனியன் கிளப்பான சாரசன்ஸுக்கு மாறுவதாக அறிவிப்பு வந்தது. இங்கிலாந்து யூனியன் நிர்வாகமும் அந்த ஒப்பந்தத்தில் பங்கெடுத்தது. எதிர்பார்ப்பு அவ்வளவு பெரிசு. அடுத்த உலகக்கோப்பைக்கு ரெண்டு வருஷம்தான் இருந்தது.

முதல் சீசன் முழுக்க அவர் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. காயம், அறுவை சிகிச்சை, நடுவில் ஒரு கார் விபத்து. சாரசன்ஸுக்காகக் களமிறங்கியது 2006-07 சீசனில்தான். அப்போது வயது 31.

இறங்கின பிறகும் ஒரு பெரிய குழப்பம். இவரை எங்கே ஆட வைக்கிறது? உடம்பைப் பார்த்தா ஃபார்வர்டு வரிசையில ஃபிளாங்கர். கையைப் பார்த்தா நடுவுல சென்டர். ரெண்டு இடத்திலும் வைத்துப் பார்த்தார்கள். லீக்கில் அவர் ஒரே ஆளாக ரெண்டு வேலையும் பார்த்தவர். யூனியனில் அப்படி ஒரு இடமே இல்லை.

2007 பிப்ரவரி 3 அன்று, ட்விக்கன்ஹாமில் ஸ்காட்லாந்துக்கு எதிராக இங்கிலாந்துக்காக முதல் யூனியன் ஆட்டம். அந்த வருஷ உலகக்கோப்பைக்கும் போனார். தென்னாப்பிரிக்காவிடம் 0-36 என்று தோற்ற ஆட்டத்தில் அவரும் இருந்தார். அங்கிருந்து இங்கிலாந்து அடித்துப் பிடித்து ஃபைனல் வரை போனது. ஃபைனலில் ஃபாரல் இல்லை. அந்த சென்டர் இடத்தில் ஆடியவர் மைக் கேட். இவரும் திரும்ப வருவார்.

இங்கிலாந்துக்காக மொத்தம் எட்டு யூனியன் ஆட்டம். அவ்வளவுதான். 2009இல் ஆடுவதை நிறுத்தினார். அன்னைக்கு யாராவது கணக்குப் போட்டிருந்தா, 'லீக்ல ராஜா, யூனியன்ல ஏமாத்தம், மாறாமலே இருந்திருக்கலாம்'னு எழுதி மூடியிருப்பாங்க.

லீக்காரர்களை யூனியன் ஏன் தேடியது?

இங்கே கொஞ்சம் டெக்னிக்கலா போகணும். ஏன்னா ஃபாரல் கோச் ஆனது தனிப்பட்ட அதிர்ஷ்டம் மட்டும் இல்ல.

லீக்கில் டேக்கிளுக்குப் பிறகு பந்துக்குச் சண்டை இல்லை என்று சொன்னேன் அல்லவா? அதனால் தடுக்கும் அணிக்குப் பந்தைத் திருடும் வழி ரொம்பக் குறைவு. இருக்கிற ஒரே ஆயுதம் வரிசை. ஒவ்வொரு டேக்கிளுக்கும் பிறகு கிட்டத்தட்ட மொத்த அணியும் 10 மீட்டர் பின்னால் ஓட வேண்டும், பந்து நகர்ந்ததும் ஒரே கோடாக முன்னால் பாய வேண்டும். ஒருவர் ஒரு அடி முந்தினாலும் பிந்தினாலும் ஓட்டை விழும். கபடியில் சங்கிலி பிடித்து நிற்கும்போது ஒருத்தர் கை நழுவினால் என்ன ஆகும்? அதேதான், ஆனால் ஆடுகளத்தின் முழு அகலத்துக்கும், எண்பது நிமிஷத்துக்கும். லீக் இதைப் பல தலைமுறைகளாகப் பழகியிருந்தது.

யூனியனுக்கு அந்தத் தேவை பழைய காலத்தில் அவ்வளவாக இல்லை. பந்துக்கான சண்டையில் ஜெயிப்பதுதான் அங்கே கலை. ஸ்க்ரம், லைன்அவுட், ரக் எல்லாம் அதற்குத்தான். 1995க்குப் பிறகு முழுநேர வீரர்கள் வந்தார்கள், உடல்தகுதி கூடியது, ஒரு அணி பந்தை விடாமல் பத்து, பதினைந்து முறை அடுத்தடுத்துத் தாக்க முடிந்தது. எதிரணி என்ன செய்வது? வரிசையாக நின்று தடுக்கத் தெரிந்தவர் வேண்டும். அவர்கள் எல்லாம் வடக்கில், நூறு வருஷமாக ஒதுக்கி வைக்கப்பட்ட அந்த விளையாட்டில் இருந்தார்கள்.

ஃபில் லார்டர் ஞாபகம் இருக்கா? ஃபாரல் கேப்டனாக இருந்த லீக் அணியின் கோச். அவர் இங்கிலாந்து யூனியனின் டிஃபென்ஸ் கோச் ஆனார், 2003 உலகக்கோப்பையை ஜெயித்த அணியில் இருந்தார். விகனில் ஃபாரலோடு ஆடிய ஷான் எட்வர்ட்ஸ், வாஸ்ப்ஸ், வேல்ஸ், பிற்பாடு ஃபிரான்ஸ் என்று டிஃபென்ஸ் கோச்சாகப் பேர் வாங்கினார். கூலி கேட்டதுக்காகப் பிரிஞ்சு போன வீட்டு ஆட்களை, நூறு வருஷம் கழிச்சு சம்பளம் கொடுத்துக் கூப்பிட வேண்டியதாச்சு.

ஆடுகிற ஃபாரலுக்குத் தடையாக இருந்தது, ரக்கில் எப்போது கை வைப்பது, எப்போது வைக்கக் கூடாது என்பது மாதிரி யூனியனின் ஆயிரம் நுணுக்கங்கள். சின்ன வயசிலிருந்து ஆடியவர்களுக்கு அது யோசிக்காமல் வரும், இவர் யோசிக்க வேண்டியிருந்தது. கோச் ஃபாரலுக்கு யோசிக்க நேரம் இருந்தது. எதிரணியின் வரிசையைப் படிக்கத் தெரிந்த கண்ணும், 21 வயதிலிருந்து ஆட்களை வழிநடத்திய குரலும் அப்படியே கூட வந்தன.

சாரசன்ஸ் 2011இல் முதல்முறையாக இங்கிலாந்து லீக் பட்டத்தை வென்றபோது ஃபாரல் அங்கே கோச். ஃபைனலில் ஃப்ளை-ஹாஃப் இடத்தில் ஆடி உதைத்தவர் 19 வயது ஓவன் ஃபாரல். அப்பா ஆட்டம் மாறினபோது குடும்பத்தோட தெற்கே வந்த பையன். அப்பாவுக்கு முப்பது வயசுல கஷ்டமா இருந்த அந்த விளையாட்டு, மகனுக்குச் சொந்த ஊர் ஆயிடுச்சு.

2015: வீட்டிலேயே தோல்வி

2012இல் ஸ்டூவர்ட் லங்காஸ்டர் இங்கிலாந்தின் தலைமை கோச் ஆனார், ஃபாரல் அவருடைய உதவியாளர். அந்த வருஷக் கடைசியில் நியூசிலாந்தை 38-21 என்று அடித்தார்கள். 2013இல் பிரிட்டிஷ் அண்ட் ஐரிஷ் லயன்ஸ் அணியோடு டிஃபென்ஸ் கோச்சாக ஆஸ்திரேலியா போய் 2-1 என்று தொடரை ஜெயித்தார். கடைசி டெஸ்டுக்கு முன்னால் அவர் வீரர்களிடம் பேசியது ஆவணப்படத்தில் பதிவாகியிருக்கிறது. எதிரணியை வலியின் களத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்க என்று வடக்கத்திய உச்சரிப்பில் அவர் சொல்வதைப் பார்த்தால் நமக்கே எழுந்து ஓடத் தோன்றும்.

அடுத்து 2015 உலகக்கோப்பை. நடத்துவது இங்கிலாந்து. செப்டம்பர் 26, ட்விக்கன்ஹாம், எதிரே வேல்ஸ். இங்கிலாந்து சென்டரில் சாம் பர்ஜெஸ். இவரும் லீக்கின் பெரிய நட்சத்திரம், யூனியனுக்கு வந்து ஒரு வருஷம்கூட முழுசாக ஆகவில்லை. கிளப்பில் அவரை ஃபிளாங்கராகவும் ஆட வைத்தார்கள், நாட்டுக்குச் சென்டராக இறக்கினார்கள்.

எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கா? எட்டு வருஷத்துக்கு முன்னாடி ஃபாரலுக்கு நடந்த அதே குழப்பம்.

இடைவேளையில் இங்கிலாந்து 16-9 என்று முன்னிலை. கடைசியில் வேல்ஸ் 28-25. வேல்ஸின் டிஃபென்ஸ் கோச் வேற யாரும் இல்லை, பழைய விகன் தோழர் ஷான் எட்வர்ட்ஸ். ஒரு வாரம் கழித்து ஆஸ்திரேலியா 33-13 என்று முடித்து வைத்தது. உலகக்கோப்பையைத் தனியாக நடத்திய நாடு முதல் சுற்றிலேயே வெளியேறியது அதுவே முதல்முறை.

அணித் தேர்வின் இறுதிப் பொறுப்பு லங்காஸ்டருடையது. ஆனால் பர்ஜெஸ் விஷயத்தில் பத்திரிகைகள் பலவும் கை காட்டியது ஃபாரலை. லீக்காரர் லீக்காரரைக் கொண்டுவந்தார் என்று பேச்சு. பர்ஜெஸ் திரும்ப லீக்குக்கே போய்விட்டார். லங்காஸ்டர் போனார், எடி ஜோன்ஸ் வந்தார். டிசம்பரில் உதவிக் கோச்சுகளான ஃபாரல், கிரஹாம் ரவுன்ட்ரீ, மைக் கேட் மூவரையும் அனுப்பிவிட்டார்கள்.

ஃபாரலுக்கு வயசு 40. மகன் ஓவன் அணியில தொடர்ந்து ஆடினார், அப்பா வெளியே. வீட்ல சாப்பாட்டு மேசையில என்ன பேசியிருப்பாங்கன்னு நான் நிறைய தடவை நினைச்சுப் பார்த்திருக்கேன்.

டப்ளின்

2016 ஜனவரியில் அயர்லாந்து அவரை டிஃபென்ஸ் கோச்சாக எடுப்பதாக அறிவித்தது. தலைமை கோச் ஜோ ஷ்மிட். அதே வருஷ நவம்பர் 5, சிகாகோ, சோல்ஜர் ஃபீல்ட். அயர்லாந்தும் நியூசிலாந்தும் முதன்முதலாக மோதியது 1905இல். அன்றிலிருந்து 111 வருஷத்தில் அயர்லாந்து ஒரு முறைகூட ஜெயித்ததில்லை. அன்று 40-29 என்று ஜெயித்தது. 2018இல் டப்ளினில் மறுபடியும் ஜெயித்தார்கள், 16-9. அந்த ஆட்டத்தில் நியூசிலாந்தால் ஒரு ட்ரைகூட வைக்க முடியவில்லை. டிஃபென்ஸ் கோச்சுக்கு இதைவிட நல்ல சான்றிதழ் கிடையாது.

2019 உலகக்கோப்பைக்குப் பிறகு ஃபாரலே தலைமை கோச். அவர் முதலில் செய்தவற்றில் ஒன்று, தாக்குதல் கோச்சாக மைக் கேட்டைக் கூட்டி வந்தது. 2007 ஃபைனலில் தனக்குக் கிடைக்காத இடத்தில் ஆடியவர், 2015இல் தன்னோடு சேர்ந்து வேலை இழந்தவர். வேலை போன டீம்ல இருந்தவங்களுக்கு இது புரியும். கூட விழுந்தவன் எப்படி வேலை பார்ப்பான்னு நமக்கு நல்லாத் தெரியும்.

ஆரம்பம் சுகமாக இல்லை. 2021 சிக்ஸ் நேஷன்ஸில் முதல் ரெண்டு ஆட்டமும் தோல்வி. 'டிஃபென்ஸ் கோச்சுக்குத் தலைமை கோச் வேலை வராது' என்ற பேச்சு எழுந்தது.

அவர் என்ன செய்தார் என்பதற்கு ரெண்டு உதாரணம் சொல்றேன்.

ஒன்று, 2022 ஜூலை நியூசிலாந்து பயணம். மூன்று டெஸ்ட் போதாதென்று, மாவோரி ஆல் பிளாக்ஸ் அணியோடு வார நடுவில் ரெண்டு ஆட்டம் சேர்ந்த பயணம் அது. சீசன் கடைசி, எல்லோரும் களைத்திருக்கும் நேரம். முதல் டெஸ்டில் 19-42 என்று அடி. அடுத்தது டனீடனில் 23-12. நியூசிலாந்தை அதன் மண்ணிலேயே அயர்லாந்து வீழ்த்தியது அதுவே முதல்முறை. மூன்றாவது வெலிங்டனில் 32-22. தொடர் 2-1. வேணும்னே கஷ்டமான சூழலுக்குள்ள ஆட்களை இறக்கி, பதறாம இருக்கப் பழக்கினார்.

ரெண்டாவது, 2023 மார்ச், எடின்பரோவில் ஸ்காட்லாந்து ஆட்டம். ஸ்க்ரமின் நடுவில் நிற்பவர் ஹூக்கர். லைன்அவுட்டில் பந்து எறிவதும் அவர் வேலைதான். அயர்லாந்தின் ரெண்டு ஹூக்கரும் காயத்தில் வெளியேறினார்கள். ப்ராப் கியன் ஹீலி ஹூக்கர் இடத்துக்குப் போனார், ஃபிளாங்கர் ஜோஷ் வான் டெர் ஃப்ளியர் பந்து எறிந்தார். 22-7 என்று ஜெயித்தார்கள். ப்ரொடக்‌ஷன்ல ரெண்டு சர்வரும் விழுந்து, வேற வேலைக்கு வெச்சிருந்த மெஷினை வெச்சே ராத்திரியை ஓட்டின மாதிரி.

ஒரு வாரம் கழித்து, மார்ச் 18, டப்ளின். ஜெயித்தால் அயர்லாந்துக்கு கிராண்ட் ஸ்லாம், அதாவது சிக்ஸ் நேஷன்ஸின் ஐந்து ஆட்டமும் வெற்றி. எதிரணி இங்கிலாந்து. இங்கிலாந்தின் கேப்டன் ஓவன் ஃபாரல்.

அயர்லாந்து 29-16. அப்பா ஜெயிச்சார், மகன் தோத்தார். ரெண்டு பேரும் அவங்கவங்க வேலையைத்தான் செஞ்சாங்க.

அதே வருஷ உலகக்கோப்பையில் தென்னாப்பிரிக்காவை 13-8 என்று தோற்கடித்து, தொடர்ந்து 17 வெற்றியோடு காலிறுதிக்கு வந்தார்கள். எதிரே நியூசிலாந்து. 24-28 என்று பின்னால் இருந்த கடைசி நிமிஷங்களில் அயர்லாந்து பந்தை விடவே இல்லை. 37 முறை அடுத்தடுத்துத் தாக்கியது. 37ஆவது ரக்கில் சாம் வைட்லாக் என்ற நியூசிலாந்து வீரர் குனிந்து பந்தைப் பறித்தார். முடிந்தது.

லீக்கா இருந்திருந்தா அது நடந்தே இருக்காது. ஆறு டேக்கிளோட பந்து கை மாறியிருக்கும், ரக்னு ஒண்ணே கிடையாது. யூனியனுக்கே உரிய அந்தச் சண்டையிலதான் அவரோட பெரிய கனவு போச்சு. அந்த வருஷம் உலக ரக்பியின் சிறந்த கோச் விருது அவருக்குத்தான் கிடைத்தது. காலிறுதியைத் தாண்டியதில்லை என்ற அயர்லாந்தின் பழைய கணக்கு மட்டும் அப்படியே நின்றது.

2025இல் லயன்ஸுக்குத் தலைமை கோச். மறுபடியும் ஆஸ்திரேலியா. பிரிஸ்பேனில் 27-19. மெல்பர்னில் 90,000 பேர் முன்னிலையில் ஒரு கட்டத்தில் 5-23 என்று பின்னால். கடைசி நிமிஷத்தில் ஹ்யூகோ கீனன் வைத்த ட்ரையால் 29-26. அந்த ட்ரைக்கு முன்னால் ஒரு ரக். லயன்ஸ் வீரர் ஜாக் மார்கன் எதிராளியை அகற்றிய விதம் சரியா தவறா என்று நடுவர்கள் திரும்பத் திரும்பப் பார்த்து, சரி என்றார்கள். பாரிஸில் ஒரு ரக் எடுத்துக்கொண்டதை மெல்பர்னில் ஒரு ரக் கொடுத்தது. சிட்னியில் 12-22 என்று தோற்றாலும் தொடர் 2-1. காயமடைந்த ஒருவருக்குப் பதிலாக அந்தப் பயணத்தில் சேர்ந்தவர் ஓவன். மகனுக்காகச் செய்தார் என்று சிலர் முணுமுணுத்தார்கள். மெல்பர்னில் மாற்று வீரராக இறங்கினார் ஓவன். இந்த முறை அப்பாவும் மகனும் ஒரே பக்கம்.

அப்போ என்ன கூட வருது?

ஆரம்பத்துல கேட்ட கேள்விக்கு வர்றேன். விதி மாறினா திறமையில எவ்வளவு மிச்சம்?

ஃபாரலைப் பார்த்தா எனக்குத் தெரியறது இதுதான். கைப்பழக்கம் அவ்வளவா கூட வரல. லீக்ல யோசிக்காம செஞ்ச விஷயங்கள் யூனியன்ல செல்லல, அதை அவர் எட்டு ஆட்டத்துல ஏத்துக்கிட்டார். ஆட்டத்தைப் படிக்கிற பழக்கம் வந்தது. வரிசையில ஓட்டை எங்க விழப் போகுதுன்னு முன்கூட்டியே தெரியறது, குழப்பத்துல ஆட்களை ஒண்ணா நிக்க வைக்கிறது, இதெல்லாம் வந்தது. ஆனா உடனே பலன் தரல. 2005ல மாறினவருக்குத் தலைமை கோச்சா கிராண்ட் ஸ்லாம் வந்தது 2023ல. நடுவுல பதினெட்டு வருஷம்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிடணும். இதை 'மாறினா ஜெயிக்கலாம்'னு எடுத்துக்காதீங்க. சாம் பர்ஜெஸும் மாறினவர்தான். அவருக்கு அந்தப் பதினெட்டு வருஷம் கொடுக்க யாரும் தயாரா இல்ல, ஒரே வருஷத்துல முடிவு கேட்டாங்க. ஃபாரலுக்குக் கிளப் காத்திருந்தது, ஒரு நாடு வேலையை விட்டுத் தூக்கினா இன்னொரு நாடு கூப்பிட்டது. அந்த நேரம் எல்லாருக்கும் கிடைக்கறதில்ல.

எனக்கு? புது வேலையில நாலாவது மாசம், ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு சர்வீஸ் படுத்துடுச்சு. அந்த மொழியில ஒரு ஃபங்ஷனை உருப்படியா எழுத எனக்கு இன்னும் கூகுள் வேணும். ஆனா லாகைப் பார்த்ததும், எந்த இடத்துல கனெக்‌ஷன் தீர்ந்து போயிருக்கும்னு கை தானா அங்க போச்சு. ஆறு வருஷம் அதே மாதிரி ராத்திரிகளைப் பார்த்த கண்ணு. நான் இடத்தைக் காட்டினேன், அந்தப் பையன் கோடை மாத்தினான். நாலு மணிக்கு ரெண்டு பேரும் கால்ல பேசி சிரிச்சுட்டுத் தூங்கப் போனோம்.

எல்லாம் சரியாயிடுச்சுன்னு சொல்ல வரல. இன்னைக்கும் கோட் ரிவ்யூல என்னோட பக்கத்துலதான் கமெண்ட் அதிகம். ஃபாரலுக்கும் காலிறுதி இன்னும் பாக்கி இருக்கு. அடுத்த உலகக்கோப்பை 2027ல, ஆஸ்திரேலியாவுல.

நீங்க யாராவது இப்படி வேலையோ, துறையோ, ஊரோ மாறி, பழசுல எது கூட வந்ததுன்னு கண்டுபிடிச்சிருந்தா வாய்ஸ் நோட் அனுப்புங்க. எது கூட வரலைன்னும் சேர்த்துச் சொல்லுங்க, அதுதான் இன்னும் உபயோகமா இருக்கும். அடுத்த எபிசோடுல பார்க்கலாம்.